என் பதிவுக்குக் கீழே ஒரு பின்னூட்டம்

சித்தூரிலிருந்து தினமும் பேருந்தில் திருப்பதிக்குப் போய் கணினி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த காலத்தில் எனக்கு இரண்டு எழுத்து வேலைகள் இருந்தன. ஒன்று ஆய்வேடு. அது ஆங்கிலத்தில், என் வழிகாட்டிக்காகவும் தேர்வாளர்களுக்காகவும் எழுதியது. இன்னொன்று தமிழில் எழுதிய வலைப்பதிவு. அதை யார் படிக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது. சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் வேலை செய்யும் சிலர், என்னைப் போல எங்கோ ஒரு ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் சிலர், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதிவு போட்டால் மூன்று நாலு பேர் "அருமை" என்று எழுதுவார்கள். அந்த ஒற்றைச் சொல்லுக்காகவே அடுத்ததை எழுதுவேன். ஆய்வேட்டைப் பார்த்து யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை.

என் ஆராய்ச்சி எங்கள் ஊர்ப் பேச்சைப் பற்றியது. எங்கள் பக்கத்தில் ஒரே வாக்கியம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும். மின்வாரியத்துக்கோ கேஸ் ஏஜென்சிக்கோ போன் செய்தால் தமிழா தெலுங்கா என்று முதலிலேயே கேட்கிறார்கள். தமிழ் என்று ஒன்றை அழுத்திவிட்டு, "ரெண்டு நாளா கரண்ட்டு லேதுங்க" என்று நைனா, என் அப்பா, தெலுங்கு கலந்து பேச ஆரம்பித்தால் அந்தப் பக்கம் இருக்கும் இயந்திரம் மன்னிக்கவும், புரியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லும். அவர் போனைப் பார்த்துக் கத்துவார். பேச்சைக் கேட்டு, இந்த இடத்தில் தமிழ், இந்த இடத்தில் தெலுங்கு என்று கணினி தானாகப் பிரித்தறிய வேண்டும். அதுதான் என் வேலை.

அதற்கு நிறையக் குரல்கள் வேண்டும். தமிழ்க் குரல்களை நைனா சேர்த்துக் கொடுத்தார். அவர் மிஷன் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சபையின் கமிட்டியிலும் இருந்தார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை மண்டபத்தில் ஒரு மேசை போட்டு, மைக்கை வைத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "இன்னா வேணா பேசு. காலைல இன்னா துன்னியோ அதையே சொல்லு," என்பார். ஜனங்கள் சிரித்துக்கொண்டே பேசினார்கள். தெலுங்குக் குரல்களைத் திருப்பதியில், எங்கள் துறையின் ஆய்வுக்கூடத்திலேயே பதிந்தேன். மாணவர்கள் கிடைப்பார்கள், ஏசி அறை, கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் வராது. தமிழ் ஆட்கள் சித்தூரில், தெலுங்கு ஆட்கள் திருப்பதியில். எனக்கு அதில் எந்தக் கோணலும் தெரியவில்லை. வழிகாட்டிக்கும் தெரியவில்லை. ஒரு மாநாட்டுக்கு அனுப்பிய கட்டுரையைப் படித்துச் சரிபார்த்தவர்களுக்கும் தெரியவில்லை.

ஏனென்றால் முடிவுகள் அவ்வளவு நன்றாக வந்தன. நிரல் ஏறக்குறைய தவறே செய்யவில்லை. கட்டுரை ஏற்கப்பட்ட அன்று என் வழிகாட்டி முதல் தடவையாக என்னைக் கேண்டீனுக்கு அழைத்துப்போய் காபி வாங்கிக் கொடுத்தார். அவர் தெலுங்கர், ஆனால் சிறுவயதில் வேலூரில் படித்தவர் என்பதால் என்னோடு தமிழும் தெலுங்குமாகப் பேசுவார். "இங்க சாலும்மா," என்றார். "போதும். எழுத ஆரம்பி." நைனா சபையில் ஜெபக் குறிப்பில் என் ஆய்வேட்டையும் சேர்க்கச் சொல்லிவிட்டார். அதிலிருந்து வாராவாரம் பாஸ்டர் நோயாளிகளுக்கும் வேலை தேடுகிறவர்களுக்கும் பிறகு, "நம் சகோதரியின் ஆராய்ச்சிக்காக" என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

ஆய்வேட்டைக் கொடுப்பதற்குப் பல்கலைக்கழகம் வைத்திருந்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருமுறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. அம்மா படுத்த படுக்கையாக இருந்து இறந்துபோன வருடத்துக்காக. இன்னொரு நீட்டிப்பு கிடையாது. ஆய்வுச் சுருக்கம் ஏற்கப்பட்டு, கடைசி அத்தியாயமும் முடிந்திருந்தது. மனசு லேசாக இருந்த ஒரு வாரத்தில்தான் அந்தப் பதிவை எழுதினேன். சபை மண்டபத்தில் குரல் சேர்த்த கதையை, நைனா மேசை போட்டதை, வெட்கப்பட்டு ஓடிய பெண்களை எல்லாம் எழுதி, பேசியவர்களிடம் கேட்டுக்கொண்டு இரண்டு மொழியிலும் சில ஒலித்துண்டுகளையும் இணைத்தேன். நான் எழுதியவற்றிலேயே சந்தோஷமான பதிவு அது.

ஒரு பகல் நேரம் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அதன் கீழே ஒரு பின்னூட்டம் வந்தது. எழுதியவர் பெயர் போடவில்லை.

"ஒலித்துண்டுகளை ஹெட்போன் வைத்துக் கேட்டேன். தமிழ்த் துண்டுகள் எல்லாவற்றிலும் பின்னால் ஒரு கிரீச் சத்தம் வந்து வந்து போகிறது, பழைய மின்விசிறி போல. தெலுங்குத் துண்டுகளில் அது இல்லை, சீரான ஏசி இரைச்சல் இருக்கிறது. உங்கள் நிரல் மொழியைத்தான் கேட்கிறதா, அறையைக் கேட்கிறதா? யாரும் பேசாத ஒரு ஒலிப்பதிவைக் கொடுத்துப் பார்த்தீர்களா?"

முதலில் கோபம்தான் வந்தது. பெயரைக்கூடப் போடத் துணிவில்லாத ஆள் என்று நினைத்தேன். இரைச்சலை நீக்குவதற்கு நான் செய்ததையெல்லாம் விளக்கி நீளமாக ஒரு பதில் தட்டினேன். அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை படித்துப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு மட்டும் அதில் பதில் இல்லை. அழித்துவிட்டேன்.

சாயங்காலம் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த ஒலித்துண்டுகளை நானே கேட்டேன். எத்தனையோ தடவை கேட்டவைதான். ஆனால் அதுவரை நான் பேச்சை மட்டுமே கேட்டிருந்தேன். இப்போது அந்தக் கிரீச் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை. சந்திரகிரி தாண்டும்போது இயர்போனைக் கழற்றிப் பையில் போட்டேன்.

சனிக்கிழமை மதியம் நைனாவிடம் மண்டபத்துச் சாவியைக் கேட்டேன். "இன்னாத்துக்கு?" என்றார். ஒரு சின்ன ஒலிப்பதிவு பாக்கி என்றேன். அவரும் கூட வந்தார். மேசையை அதே இடத்தில் போட்டு, மைக்கை வைத்து, மின்விசிறிகளை ஓடவிட்டேன். அவரைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, காலி மண்டபத்தைப் பதிந்தேன். பிறகு மடிக்கணினியில் நிரலை ஓட்டினேன்.

திரையில் வரிவரியாக வந்தது. தமிழ். தமிழ். தமிழ். தமிழ்.

"இன்னா சொல்லுது?" என்று நைனா எட்டிப் பார்த்தார்.

"யாருமே பேசல நைனா. தமிழ்னு சொல்லுது."

அவர் சிரித்தார். "நம்ம சபை ஹாலு ஆச்சே. அது தமிழ்லதான் பேசும்."

நான் சிரிக்கவில்லை. "நைனா, நீ தெலுங்குல பேசு. எதுனா."

அவருக்குத் தெலுங்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாக வரும். ஆஸ்பத்திரியில் ஆயுள் முழுக்க அதில்தான் பேசினார். என்ன பேசுவது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தெலுங்கில் ஜெபம் செய்ய ஆரம்பித்தார். என் படிப்புக்காகத்தான் ஜெபித்தார். தெளிவான தெலுங்கு, ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லை. திரையில் தமிழ், தமிழ் என்றே ஓடிக்கொண்டிருந்தது. ஆமென் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

"தப்பாச் சொல்லுதா?"

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடங்களும் என் கணினி கற்றுக்கொண்டது ஒரே விஷயம்: மின்விசிறி கிரீச்சிட்டால் தமிழ், ஏசி இரைந்தால் தெலுங்கு. ஒரு சொல்கூட அதற்குத் தெரியாது. நைனா போய் மின்விசிறிகளை ஒவ்வொன்றாக அணைத்தார். அதற்கு மேல் அந்த மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. நான் அழுதது எனக்கே கேட்டது.

திங்களன்று வழிகாட்டியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இது எவரெவருக்குத் தெரியும்?"

"எனக்கு, எங்க நைனாவுக்கு. அப்புறம் அந்தப் பின்னூட்டம் போட்டவருக்கு."

"அந்தக் கமெண்ட்டைத் தீசேய். எடுத்துடு. தமிழ் பிளாக் எவரு சதுவுதாரம்மா? யாரு படிக்கப் போறா?"

"யாரோ ஒருத்தர் படிச்சிருக்காரே சார்."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மாநாட்டுல ஒப்புக்கிட்டாங்க. சுருக்கத்தை ஒப்புக்கிட்டாங்க. குறையில்லாத தீசிஸ் எங்கயும் கிடையாது. கடைசி அத்தியாயத்துல, இதோட எல்லைகள், லிமிடேஷன்ஸ்னு ரெண்டு வரி எழுது. டிகிரி வாங்கு. அப்புறம் வெளிய போயி எல்லாத்தையும் சரி பண்ணு. இப்ப புதுசா ஆரம்பிச்சா டைம் எக்கட உந்தி? எங்க இருக்கு டைம்?" கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "நானு ரிட்டையர் ஆகப்போறேன். நீதான் கடைசி ஸ்காலர்."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நேரம் இல்லைதான். ஆனால் எல்லைகள் என்று இரண்டு வரி எழுத உட்கார்ந்தபோது என்ன எழுதுவதென்று தெரியவில்லை. இந்த நிரலுக்கு மொழி தெரியாது என்பதை எப்படி ஒரு எல்லையாக எழுதுவது?

மிஞ்சியிருந்த வாரங்களில் எல்லாவற்றையும் மறுபடி செய்துவிடலாம் என்று ஒரு வெறி வந்தது. ஒவ்வொருவரும் இரண்டு மொழியிலும் பேச வேண்டும். இரண்டு இடத்திலும் பேச வேண்டும். அப்போதுதான் நிரல் அறையை வைத்து மொழியை ஊகிக்க முடியாது. நைனா மறுபடி சபையில் எழுந்து நின்று கேட்டார். இந்தத் தடவை குறைவாகத்தான் வந்தார்கள். ஏற்கெனவே குரல் கொடுத்த ஒரு அக்கா நேராகவே கேட்டாள்: "அன்னிக்கு அவ்ளோ நேரம் பேசுனோமே, அது இன்னாச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா சொன்னார். "அது வீணாப் போச்சுமா. இன்னொரு தபா பேசு."

சிலரைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு அவரே திருப்பதிக்கு அழைத்துவந்தார். ஆய்வுக்கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏசியின் குளிருக்கு முந்தானையைப் போர்த்திக்கொண்டு அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. எல்லாரும் என்னை ஆசீர்வதித்துவிட்டுப் போனார்கள்.

புதிய ஒலிப்பதிவுகளை வைத்து நிரலைப் பயிற்றி ஓட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு பூவா தலையா போட்டால் எவ்வளவு சரியாக வருமோ, அதைவிடக் கொஞ்சம்தான் நன்றாக வந்தது. அமைப்புகளை மாற்றி மறுபடி ஓட்டினேன். மாற்றி மாற்றி ஓட்டினேன். அதே. குரல்கள் போதாது. இதைச் சரிசெய்ய இன்னும் பல மாதங்கள் வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பல மாதங்கள் என்னிடம் இல்லை.

அன்று திரும்பும் வழியில் பாகாலாவில் பேருந்து நின்றதும் இறங்கிவிட்டேன். ஏன் இறங்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போனால் நைனா வாசலிலேயே முகத்தைப் பார்ப்பார்; அந்தப் பார்வையை எதிர்கொள்ள முடியாது என்பது மட்டும் தெரிந்தது. பேருந்து நிலையத்தில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். சித்தூர் வண்டிகள் வந்து வந்து போயின. முப்பது வயது தாண்டிவிட்டது. கூடப் படித்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போய் வீடு கட்டிவிட்டார்கள். அம்மா கடைசியாக என்னிடம் நினைவோடு கேட்டது படிப்பு எப்போது முடியும் என்றுதான். இனி எழுந்து எந்த வண்டியில் ஏறினாலும் போய்ச் சேர ஓர் இடம் இல்லை என்று தோன்றியது. இருக்கவே வேண்டாம் என்றும் ஒரு நிமிடம் தோன்றியது. அதை எழுதாமல் விட்டால் இந்த நினைவுகளில் மற்றவற்றை எழுதுவதற்கும் பொருளில்லை.

போன் அடித்தது. நைனா.

"எங்க கீற?"

"பாகாலா."

"அங்க இன்னா வேல?"

"தெரியல நைனா."

"எதுனா துன்னியா?"

"இல்ல."

"அங்கியே குந்திகினு இரு. எங்கயும் போவாத. நான் வந்துகினே கீறேன். போனை வெக்காத."

அவர் போனைக் காதில் வைத்தபடியே வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருவில் நடந்து வந்து, பேருந்து ஏறி, நடத்துனரிடம் டிக்கெட் கேட்டது வரை எல்லாம் எனக்குக் கேட்டது. வழியெல்லாம் எதையோ பேசிக்கொண்டே வந்தார். யார் வீட்டில் தண்ணீர் வரவில்லை, யார் மருமகள் ஊரிலிருந்து வந்திருக்கிறாள், அப்படி. நான் உம் கொட்டினேன். இருட்டுவதற்குள் வந்து சேர்ந்தார். ஒரு கடைக்கு அழைத்துப்போய் இட்லி வாங்கி என் முன்னால் வைத்தார்.

"நான் லேப்ல இருந்தப்போ," என்றார், "ரத்தம் கெட்டுப்போச்சுன்னா ரிப்போர்ட் எழுதமாட்டோம். திரும்ப எடுக்கச் சொல்வோம். நோயாளி திட்டுவான். டாக்டரு திட்டுவாரு. ஆனா இல்லாத நம்பரை எழுதுனா ஒருத்தன் செத்துடுவான்."

"இங்க யாரும் சாகமாட்டாங்க நைனா."

"நீ போய் பாகாலால குந்திகினு கீறியே," என்றார். குரல் உடைந்துவிட்டது. இட்லித் தட்டை என் பக்கம் தள்ளினார்.

அந்த வாரத்தில் நான் இரண்டு வேலைகள் செய்தேன். மாநாட்டுக்காரர்களுக்கு எங்கள் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஒரு கடிதம் எழுதினேன். அதில் வழிகாட்டியின் கையெழுத்தும் வேண்டும். அவர் மேசையில் அது பல நாட்கள் அப்படியே கிடந்தது. ஒரு காலை போய் நின்றபோது, தலையை நிமிர்த்தாமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "நீ இஷ்டம், உன் விருப்பம்," என்றார். அதற்குப் பிறகு நாங்கள் நெடுநாள் பேசவில்லை. இன்னொரு வேலை, வலைப்பதிவு. நடந்ததை மாற்றாமல் எழுதி, காலி மண்டபத்தின் ஒலிப்பதிவையும் இணைத்துப் போட்டேன்.

நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். கணினித் துறை ஆட்கள் ஒருவர் பதிவை இன்னொருவர் எடுத்துப் போடுவார்கள். அது எங்கெங்கோ போனது. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் தன் குழுவிலும் இப்படி நடந்தது, யாரும் வெளியே சொல்லவில்லை என்று எழுதினார். ஒருவர் இது முதல் வருடத்திலேயே சோதிக்க வேண்டியது, உனக்கெல்லாம் யார் ஆராய்ச்சி கொடுத்தார்கள் என்று கேட்டார். துணிச்சல் என்று பலர் பாராட்டினார்கள். பாராட்டுகளைப் படிக்கும்போதுதான் வலி அதிகமாக இருந்தது. அவர்கள் பக்கத்தை மூடிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள்; எனக்குப் போவதற்கு ஆராய்ச்சி இல்லை. அந்த முதல் பின்னூட்டக்காரர் வருவார் என்று காத்திருந்தேன். அவர் வரவே இல்லை. அவர் ஆணா பெண்ணா, எங்கே வேலை செய்கிறார், தான் கேட்ட கேள்வி என்ன செய்தது என்று அவருக்குத் தெரியுமா, எதுவும் எனக்குத் தெரியாது.

இன்னொரு நீட்டிப்புக் கேட்டு விண்ணப்பம் கொடுத்தேன். ஆராய்ச்சிப் பிரிவு அலுவலகத்தில் இருந்த பெண் அலுவலர் அதைப் படித்துவிட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார். "ரூல் லேதம்மா," என்றார், "ஏமி சேயாலி?" விதியில் இடமில்லை, நான் என்ன செய்ய. கெடு முடிந்தது. ஆய்வு மாணவியாக என் பதிவு ரத்தானது என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. இரண்டு வரி. அன்று நான் அழவில்லை. கேண்டீனில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஆய்வுக்கூடத்தில் இருந்த என் குடையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது திருப்பதியிலேயே ஒரு சிறிய நிறுவனத்தில் இருக்கிறேன். ஆஸ்பத்திரிகளுக்கு வரும் போன் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் மென்பொருள் செய்கிறார்கள். அதைச் சோதிக்கும் வேலை எனக்கு. அதே பேருந்து, அதே ஜன்னல். சில நாட்கள் பாகாலாவில் வண்டி நிற்கும்போது வெளியே பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வலைப்பதிவில் அவ்வப்போது எழுதுகிறேன். முன்பு போலக் கதை சொல்லும் உற்சாகம் இல்லை. எந்தச் சோதனை எங்கே சறுக்கியது என்று எழுதுகிறேன். ஆய்வு மாணவர்கள் சிலர் வந்து கேள்வி கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வேன். தாங்கள் செய்தது தப்பென்று தெரிந்ததும் அவர்கள் எழுதும் மின்னஞ்சல்கள் ஒரே வரியோடு நின்றுவிடும். அந்த ஒரு வரிக்கு ஆறுதல் சொல்ல நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

இந்த வருடம் வேறொரு பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்வதற்கு அறிவிப்பு வந்தது. நைனா அதைச் செய்தித்தாளிலிருந்து கத்தரித்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அவர் குழம்பு ஊற்றினார். நான் படித்துப் பார்த்தேன். முதலிலிருந்து என்றால் நுழைவுத் தேர்விலிருந்து. முடிக்கும்போது எனக்கு என்ன வயது ஆகும், அவருக்கு என்ன வயது ஆகும் என்று மனது கணக்குப் போட ஆரம்பித்தது. அதை நிறுத்தினேன்.

"அப்ளிகேசன் போட்டியா?" என்று கடைசித் தேதி கடந்த பிறகு ஒரு நாள் கேட்டார்.

"இல்ல நைனா. முடியல."

அவர் சரி என்று தலையாட்டினார். கோபம் இல்லை. எழுந்து போய் வாசல் விளக்கைப் போட்டார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். முடியவில்லை என்பதற்குப் பதில் மாட்டேன் என்று சொல்லியிருந்தால், அது நானே எடுத்த முடிவு என்று அவருக்கு நிம்மதியாக இருந்திருக்குமோ என்று தோன்றியது. ஆனால் ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.